சொரொசாபலின் கையைத் தேடி: ஸ்பெயினில் ஏழு நாள்

நாள் 1: சான் செபாஸ்டியன்

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். குடையை விரிக்கத் தோன்றாது, ஆனால் விரிக்காமல் நடந்தால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு தூறல். இந்த ஊரில் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: சிரிமிரி. விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு நேராகக் கடற்கரைக்குப் போனேன். லா கொன்ச்சா வளைகுடா வளையல் மாதிரி வளைந்து கிடக்கிறது. அலை சத்தமே இல்லை.

நான் தேடி வந்த ஸ்பானிய இசையமைப்பாளர் பாப்லோ சொரொசாபல் 1897 செப்டம்பர் 18 அன்று பிறந்தது இந்த ஊரில்தான். இந்தப் பகுதியின் பாஸ்க் மக்கள் தங்கள் மொழியில் இதைத் தொனோஸ்தியா என்கிறார்கள். அவர் பிறந்த அதே 1897-இல்தான் ஊரின் புகழ்பெற்ற பாடகர் குழுவான ஒர்ஃபெயோன் தொனோஸ்தியார்ராவும் தொடங்கியது. சிறுவனாக அந்தக் குழுவில் பாடியவர், பிறகு வயலின் எடுத்தார், கஃபேக்களில் வாசித்தார். இன்னிசை அரங்கம் வேறு, சாப்பாட்டு மேசை வேறு என்று பிரித்துப் பார்க்காத இசைக்காரர்கள் நடுவில் வளர்ந்த பையன். அவருடைய மெட்டுகளில் இருக்கும் அந்தச் சகஜம் அங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு இவரைத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு வழியாக. 1990 ஜூலை 7, ரோம் நகரின் கரகல்லா குளியலகச் சிதிலங்களில், உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு முந்தைய இரவு, மூன்று டெனர்கள், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர்கள், முதல்முறையாகச் சேர்ந்து பாடினார்கள். ஸுபின் மேத்தா இசைக்குழுவை நடத்தினார். அதில் பிளாசிதோ டொமிங்கோ தனியாகப் பாடியவற்றில் ஒன்று ‘நோ புவேதே செர்’. ‘இருக்கவே முடியாது’ என்று அர்த்தம். காணொளியில் அதை முதலில் கேட்டபோது இத்தாலிய ஓபராவிலிருந்து எடுத்தது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் அது ஸ்பானிய சர்சுவேலா என்று தெரிந்தது. எழுதியவர் சொரொசாபல் என்று தெரிந்தது. அவர் தன் படைப்புகளைத் தானே நடத்திப் பதிவு செய்த இசைத்தட்டுகள் இருக்கின்றன என்பதும் தெரிந்தது. அந்தத் தட்டுகளில் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், அவர் நடந்த ஊர்களில் நடக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

சர்சுவேலா என்றால் வசனமும் பாட்டும் மாறி மாறி வரும் ஸ்பானிய இசை நாடகம். பெயர் மாட்ரிட்டுக்கு வெளியே உள்ள லா சர்சுவேலா அரண்மனையிலிருந்து வந்தது. முள்செடி மண்டிய இடம் என்பதால் அரண்மனைக்கு அந்தப் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் அரசருக்காக அங்கே ஆடிக் காட்டியது, இருநூறு வருடம் கழித்துத் தெருவுக்கு வந்தது. தையல்காரி, தண்ணீர் விற்கிறவன், போலீஸ்காரன், மருந்துக் கடைக்காரர் எல்லாரும் மேடையேறினார்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற சின்ன நாடகங்களை ஒரே இரவில் அடுத்தடுத்துப் போடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். சொரொசாபல் வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டிருந்தது.

மாலையில் உருமேயா ஆற்று முகத்துவாரத்தில் நின்றேன். கடலோரம் குர்சால் அரங்கம், ரஃபயேல் மொனேயோ கட்டிய இரண்டு பெரிய கண்ணாடிப் பெட்டிகள். 1999-இல் திறந்தது. இருட்டினதும் உள்ளிருந்து விளக்கு எரிய ஆரம்பித்தது. தூறலில் அது பால் வெள்ளையாகத் தெரிந்தது. இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கடைசி நாளில் எழுத வேண்டியிருக்கும்.

நாள் 2: எரென்டேரியா, பசாயா

காலையில் ரயிலில் பக்கத்து ஊரான எரென்டேரியா போனேன். பாஸ்க் இசை ஆவணக் காப்பகமான எரெஸ்பில் அங்கேதான் இருக்கிறது. வருவதாக முன்பே எழுதியிருந்தேன். வரவேற்ற பெண்மணி ரொம்பப் பொறுமைசாலி. என் தட்டுத்தடுமாறும் ஸ்பானிஷை ஒரு முறைகூட இடைமறிக்கவில்லை.

அவர் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் ஒரு பழைய தட்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். கனம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் பீங்கான் மாதிரிச் சுக்குநூறாகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது பள்ளங்கள் சில இடத்தில் மினுமினுப்பாகவும் சில இடத்தில் மங்கலாகவும் தெரிந்தன. உச்சஸ்தாயி வரும் இடங்களில் ஊசி அதிகம் தேய்த்திருக்கிறது, அதுதான் மங்கல் என்றார். யாரோ ஒரு வீட்டில் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். இரண்டு மணி நேர சர்சுவேலாவை அப்படியே பதிய வழியில்லை. ஆகவே பாட்டுகளை உதிரியாக்கித் தட்டில் ஏற்றினார்கள். பாரிடோன் (டெனரைவிடக் கீழான ஆண் குரல்) பாடகர் மார்கோஸ் ரெடோண்டோ ஓடியோன் கம்பெனிக்காக அப்படி நிறையப் பாடினார். சொரொசாபலின் முக்கியமான முதல் மேடையேற்றங்கள் இரண்டில் கதாநாயகப் பாரிடோன் அவர்தான். மேடையில் அவரைப் பார்க்காதவர்களுக்கும் அவர் குரல் தெரிந்திருந்தது.

சொரொசாபல் என்றாலே மாட்ரிட் சர்சுவேலா என்று பேசுவது வழக்கம். இங்கே வந்தால் வேறொரு ஆள் தெரிகிறார். 1920-இல் லைப்சிக் போய் ஸ்டெஃபான் க்ரேலிடம் படித்தார், பிறகு பெர்லினில் ஃப்ரீட்ரிஹ் கோஹிடம். இருபதுகளின் பெரும்பகுதி ஜெர்மனியில் கழிந்தது. அங்கே இருந்துகொண்டு எழுதியதெல்லாம் ஊர் நினைவு: பாஸ்க் தொகுப்பு, ஒரு பாஸ்க் மெட்டின் மேல் சிம்ஃபனி மாறுபாடுகள், ஹைன்ரிஹ் ஹைனேயின் ஜெர்மன் கவிதைகளைப் பாஸ்க் மொழியில் வைத்து ஏழு பாடல்கள். கடைசியில் சொன்னது எனக்கு அதிசயமாகப் படுகிறது. ஜெர்மனியில் ஜெர்மன் கவிஞனை எடுத்துக்கொண்டு அவனைத் தன் தாய்மொழியில் பாட வைத்திருக்கிறார்! ஊரை விட்டுப் போனவனின் ஏக்கம் இதைவிட நேரடியாக வெளிப்பட முடியுமா?

மத்தியானம் பசாயா துறைமுகம் போனேன். இரண்டு மலைக்கு நடுவில் கடல் ஒரு சந்து மாதிரி உள்ளே நுழைகிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சின்னப் படகு, சில நிமிடப் பயணம். அக்கரையில் ஒரே தெரு, வீடுகளுக்கு அடியில் குகை மாதிரி வளைவுகள். 1843-இல் விக்டர் யூகோ கொஞ்ச நாள் தங்கிய வீடும் அங்கே இருக்கிறது.

தண்ணீரை ஒட்டிய ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து ‘லா தபெர்னெரா தெல் புவெர்தோ’ கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். துறைமுக மதுக்கடைக்காரி என்று சொல்லலாம். கதை நடக்கும் கான்தாப்ரேதா வடக்குக் கரையில் இருப்பதாகச் சொல்லும் ஒரு கற்பனை ஊர். மரோலா கடை நடத்துகிறாள். ஊர் ஆண்களுக்கு அவள் மேல் கண், பெண்களுக்கு அவள் மேல் கோபம். அவளைக் காதலிக்கிறான் லெயாந்த்ரோ என்ற மீனவன். அவளுடைய புருஷன் என்று ஊர் நினைக்கும் ஹுவான் தெ எகியா உண்மையில் அவளுடைய அப்பா. அவன் கோகெய்ன் மூட்டையைக் கடத்த லெயாந்த்ரோவைப் பயன்படுத்தப் பார்க்கிறான். அந்தப் பெண்ணுக்கும் இதில் பங்கு என்று பேச்சு அடிபடும்போது லெயாந்த்ரோ பாடுவதுதான் ‘நோ புவேதே செர்’. அப்படி இருக்கவே முடியாது, அந்தக் கண்கள் பொய் சொல்லாது என்கிற பாட்டு. சந்தேகமும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. மெட்டு முதலில் தயங்கித் தயங்கித்தான் ஏறுகிறது, அவனே அவனைச் சமாதானப்படுத்திக்கொள்கிற மாதிரி.

பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் பாஸ்க் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா சக்கோலி ஒயினை உயரத் தூக்கி மெல்லிய கயிறாகக் கிளாஸில் ஊற்றினார். சொரொசாபலைத் தேடி வந்தேன் என்றதும் பெரியவர்களில் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு ‘மைதே’ என்றார். 1940-இல் ஒரு படத்துக்காக சொரொசாபல் போட்ட பாட்டு அது. மைதே என்றால் அன்பே. முதல் இரண்டு வரியை அவரே முணுமுணுத்தார், மற்றவர் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். மூன்றாவது வரியில் வார்த்தை மறந்துவிட, இருவரும் வெறும் ராகமாக முடித்தார்கள். யாரும் கைதட்டவில்லை. பழையபடி பேச்சைத் தொடர்ந்தார்கள்.

நாள் 3: ரயிலில்

சான் செபாஸ்டியனிலிருந்து பார்சிலோனாவுக்குக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். பம்ப்லோனா தாண்டியதும் பச்சை போய்விட்டது. சரகோசா பக்கம் மண் செம்பட்டை, வானம் ரொம்ப உயரம். இயர்போனில் ஒரு காது வேலை செய்யாமல் போனதால் பாதி இசைக்குழுதான் கேட்டது. தூங்கிவிட்டேன்.

நாள் 4: பார்சிலோனா

இரண்டு அரங்குகள், ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

முதலாவது பரலெல் சாலையில் இருக்கும் விக்தோரியா அரங்கம். 1931 ஜனவரி 27 இரவு சொரொசாபலின் முதல் சர்சுவேலாவான ‘கத்யூஸ்கா’ இங்கே அரங்கேறியது. பரலெல் அந்தக் காலத்தில் முழுக்க முழுக்கக் கேளிக்கைத் தெரு. துறைமுகத் தொழிலாளிகளும் மில் பெண்களும் வந்து சிரித்துவிட்டுப் போகும் இடம். அங்கே போய் லைப்சிக்கில் படித்தவர் எதைக் கொடுத்தார்? ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய உக்ரைன், ஓர் இளவரசி, அவளைக் காதலிக்கும் செம்படை கமிஸார், அதாவது அரசியல் அதிகாரி. கமிஸார் பெத்ரோ ஸ்தகோஃபாகப் பாடியவர் மார்கோஸ் ரெடோண்டோ. ஸ்பெயினில் அப்போது மன்னராட்சி. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 14 அன்று, மன்னர் நாட்டை விட்டுப் போக, குடியரசு வந்தது. நாடகம் ஓடு ஓடென்று ஓடியது.

அரங்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வாசலில் வேறொரு நிகழ்ச்சியின் பெரிய பேனர். மேட்டினிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பிறகு காஸ்ப் தெரு, திவோலி அரங்கம். கதலோனியா சதுக்கத்திலிருந்து எட்டு வைத்தால் வந்துவிடும். 1919-இல் கட்டியது, உயரமான முகப்பு. ‘லா தபெர்னெரா தெல் புவெர்தோ’ 1936 வசந்தத்தில் முதல்முறை மேடையேறியது இங்கே. கதை வசனத்தை ஃபெதெரிகோ ரொமேரோவும் கில்யெர்மோ ஃபெர்னாந்தெஸ் ஷாவும் எழுதினார்கள். சர்சுவேலா உலகில் அந்த இரட்டையருக்கு நிகரே கிடையாது. ஹுவான் தெ எகியாவாக மறுபடியும் ரெடோண்டோ.

அதே வருடம் ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. இடையில் சில மாதம்தான். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த நாடகம், நாடே இரண்டாகப் பிளந்ததும் என்னவாகும்? மாட்ரிட் அதைப் பார்க்க 1940 வரை காத்திருந்தது. புயலில் படகு கவிழ்ந்து, செத்தார்கள் என்று ஊர் நினைத்தவர்கள் திரும்பி வரும் கதை அது. 1940-இல் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஓர் ஆள் திரும்பி வராமல் இருந்திருப்பார்! இதை யோசித்துக்கொண்டே திவோலி வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் கூடத்தின் பித்தளைக் கைப்பிடி பலர் கை பட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

நாள் 5: மாட்ரிட்

காலை ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் அதோச்சா நிலையம். வெயில் சுள்ளென்று அடித்தது.

மாட்ரிட்டில் முதலில் பார்க்க நினைத்த இடம் இப்போது இல்லை. ‘லா தெல் மனோஹோ தெ ரோசாஸ்’, அதாவது ரோஜாக் கொத்துக்காரி, 1934 நவம்பர் 13 அன்று அரங்கேறியது ஃபுவென்கர்ரால் அரங்கத்தில். அந்த அரங்கம் போய்விட்டது. ஃபுவென்கர்ரால் தெரு முழுக்க இப்போது செருப்பு, உடை, செல்போன். பெயருக்காக ஒரு முறை நடந்தேன்.

நான் இவருடைய படைப்புகளிலேயே அதிகம் நேசிப்பது இதைத்தான். ‘தபெர்னெரா’வின் பாட்டுகள் பெரியவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு ஊர் மூச்சு விடுகிறது. மாட்ரிட்டில் ஒரு சின்னச் சதுக்கம். ஒரு பக்கம் பூக்கடை, ஒரு பக்கம் கார் மெக்கானிக் ஷெட், ஒரு பக்கம் கஃபே. நொடித்துப்போன குடும்பத்துப் பெண் அசென்சியோன் பூ விற்கிறாள். கட்டினால் உழைப்பாளியைத்தான் கட்டுவேன் என்கிறாள். மெக்கானிக் ஹொவாக்கின் மேல் அவளுக்கு மனசு. அவனோ பணக்கார வீட்டுப் பிள்ளை, வேஷம் போட்டிருக்கிறான். கிரீஸ் கறை, பெட்ரோல் நாற்றம், ஆகாய விமானி, அகராதி மாதிரிப் பேசும் சர்வர், எல்லாம் உண்டு. இசையிலும் அப்படியே: பழைய மாட்ரிட்டின் பசோதோப்ளே நடன மெட்டுக்குப் பக்கத்திலேயே அமெரிக்காவிலிருந்து வந்த ஃபாக்ஸ்ட்ராட் நடன மெட்டு. பெயர்கூடப் பழையதை மறக்கவில்லை. 1897-இல் ருபெர்தோ சப்பி எழுதிய ‘லா ரெவோல்தோசா’வின் காதல் டூயட்டில் வரும் ஒரு வரியிலிருந்து எடுத்தது அது. சொரொசாபல் பிறந்த வருடத்து சர்சுவேலா!

அதில் கலகலப்பான ஜோடி ஒன்று பாடும் துள்ளல் டூயட், நீ ரொசாலெஸுக்கு வந்தால் என்று தொடங்கும். ரொசாலெஸ் என்பது மாட்ரிட்டின் மேற்கு விளிம்பில் உள்ள நடைபாதைச் சாலை. மாலைக் காற்றுக்கும் காதலுக்கும் போகிற இடம். சரி, நாமும் போவோம் என்று கிளம்பினேன்.

ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், மர நிழலில் கஃபே மேசைகள். மறு பக்கம் நிலம் சரிந்து மேற்குப் பூங்காவாகக் கீழே இறங்குகிறது. அந்தியில் தூரத்து மலை ஊதா நிறமானது. பூங்காவுக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் புல்லுக்கு நடுவில் குந்தின மாதிரி காங்கிரீட் பங்கர்கள், துப்பாக்கி நீட்ட ஓட்டையோடு. 1936 நவம்பரில், குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவின் படை மாட்ரிட்டின் மேற்கு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இதுவே போர்முனை. பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டடம் கட்டடமாகச் சண்டை நடந்தது. அந்த டூயட் அரங்கேறி இரண்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாட்டில் கைகோத்து வரச் சொன்ன தெருவில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

ஒரு பங்கரின் மேல் இரண்டு பையன்கள் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த டூயட்டைப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது முறை கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

போர்க்காலத்தில் சொரொசாபல் மாட்ரிட் நகராட்சி பேண்டை நடத்தினார். போர் முடிந்தபோது அவர் தோற்ற பக்கத்தில் நின்றவர். நாட்டை விட்டுப் போகவில்லை. தொழிலை விடவில்லை. 1942-இல் ‘பிளாக், எல் பயாசோ’, 1943-இல் ‘தோன் மனொலீதோ’ என்று எழுதிக்கொண்டேயிருந்தார். இசைக்குழு நடத்துநராகவும் இருந்தார். 1952-இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் லெனின்கிராட் சிம்ஃபனியை வாசிக்க அனுமதி மறுத்தார்கள், அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது வாக்கில்.

நாள் 6: எல் ராஸ்த்ரோ

ஞாயிற்றுக்கிழமை. காஸ்கோர்ரோ சதுக்கத்திலிருந்து ரிபேரா தெ குர்திதோரெஸ் தெரு சரிவு முழுவதும் சந்தை. எல் ராஸ்த்ரோ என்றால் பழைய பொருள் எதுவானாலும் கிடைக்கும் இடம். சாவிக் கொத்து, ராணுவ பட்டன், உடைந்த பொம்மை, விசிறி, யாருடைய கல்யாணமோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

பக்கத்துச் சந்துகளில் இசைத்தட்டுக் கடைகள். மூன்றில் ஒன்றும் அகப்படவில்லை. நான்காவது, ஒரு முதியவரின் மடக்கு மேசை. ஆப்பிள் பெட்டிகளில் தட்டுகளை நெருக்கி நிறுத்தியிருந்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘கத்யூஸ்கா’. ஹிஸ்பவாக்ஸ் கம்பெனி. பிலார் லொரென்கார், ஆல்ஃப்ரேதோ க்ராவுஸ், ரெனாதோ செசாரி. அதற்குக் கீழே, இசைக்குழு நடத்துநர்: பாப்லோ சொரொசாபல்.

உறையின் ஓரம் பிய்ந்து பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. பின்பக்க மூலையில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயரின் முதல் எழுத்துகள். தட்டை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்தேன், எரென்டேரியாவில் சொல்லிக் கொடுத்த மாதிரி. மெல்லிய கீறல்கள் இருந்தன, ஆழமானது எதுவும் இல்லை. பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்து வாங்கி, மேசைக்குக் கீழே பேட்டரியில் ஓடும் சின்னப் பிளேயரில் வைத்தார்.

ஐம்பதுகளின் கடைசியில் வந்த நீள்தட்டு இது. 78 தட்டில் பாட்டைத் துண்டு போட வேண்டியிருந்தது போல இதில் இல்லை, பாட்டுக்குப் பின் பாட்டு ஒழுங்காக வந்தது. இந்த வசதி வந்ததும் சொரொசாபல் தன் சர்சுவேலாக்களை வரிசையாகத் தானே நடத்திப் பதிந்தார், மற்றவர்களுடையதையும் பதிந்தார். மேடையில் புது சர்சுவேலாவுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போன காலம் அது. 1958-இல் மகனோடு சேர்ந்து எழுதிய ‘லாஸ் தெ கயின்’ அவருடைய கடைசிப் புது சர்சுவேலாக்களில் ஒன்று. (அதே மகன்தான் பின்னாளில் மாட்ரிட் மாநில கீதத்துக்கு இசை போட்டவர்.) நாற்பது வருட அனுபவம் உள்ள கையை இனி எங்கே வைப்பது? ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்தார்.

அந்தக் கை எப்படிப்பட்டது என்று அந்தச் சந்தில் நின்று கேட்டேன். கத்யூஸ்காவின் நிலவுப் பாட்டு. மற்ற நடத்துநர்கள் பலர் அந்த மெட்டைச் சர்க்கரைப் பாகாக இழுப்பார்கள். இவர் இழுக்கவில்லை. தாளம் நிமிர்ந்து நடக்கிறது. லொரென்காரின் குரல் மேலே போய் நிற்க ஆசைப்படும் இடத்தில் அரை நொடி இடம் கொடுக்கிறார், உடனே வயலின்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. அழுவதற்கு அவகாசம் தராமல் அழவைக்கிறார். அப்புறம் செசாரியின் கமிஸார் பாட்டு, கூட்டின் கதகதப்பைப் பற்றியது. வீடே இல்லாத போராளி வீட்டைப் பற்றிப் பாடுகிறான். செல்லோக்கள் அவன் குரலுக்கு அடியில் ஒரு கம்பளி விரித்த மாதிரி. நடுவே ஊசி கீறலில் மோதிச் சின்னச் சின்னச் சொடுக்கு. சொடுக்குகளும் தாளத்தோடு ஒத்துப்போவது போலவே இருந்தது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு, தன் அப்பா இதை மேடையில் பார்த்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார். எந்த ஊரில் என்று கேட்டேன். அல்பசெத்தேவில், ஊர் ஊராக வரும் கம்பெனி ஒன்று போட்டது என்றார். விலையைக் கேட்டதும் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐந்து யூரோ. பேரம் பேசத் தோன்றவில்லை. பத்து கொடுத்தேன், ஐந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டொமிங்கோவின் கதையும் இப்படி ஊர் ஊராகப் போன ஒரு கம்பெனியில்தான் தொடங்குகிறது. அவருடைய அம்மா பெபீதா எம்பில், சான் செபாஸ்டியனுக்குப் பக்கத்து மீனவ ஊரான கெதாரியாவில் பிறந்த சர்சுவேலாப் பாடகி. அப்பாவும் சர்சுவேலாப் பாடகர்தான். நாற்பதுகளில் இன்னொரு பெரிய சர்சுவேலா இசையமைப்பாளரான மொரேனோ தொர்ரோபாவின் கம்பெனியோடு அமெரிக்கக் கண்டம் போனவர்கள் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த இசையைத்தான் மகன் 1990-இல் ரோமில் உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது பாடினார். பிறகு மரியா பாயோ, ஹுவான் போன்ஸ் இருவரோடு ‘தபெர்னெரா’வை முழுசாகவே பதிவு செய்தார். விக்தோர் பாப்லோ பெரெஸ் நடத்த, கலீசியா சிம்ஃபனி வாசித்த அந்தப் பதிவு ஒலித்தெளிவில் எங்கேயோ இருக்கிறது. வாங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் அடுத்து சொரொசாபல் தானே நடத்திய ஏதாவது ஒன்றையும் கட்டாயம் கேளுங்கள்.

நாள் 7: ஹொவெய்யானோஸ் தெரு

கடைசி நாள். நாடாளுமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் குறுகலான தெரு. அதில் சர்சுவேலா அரங்கம். 1856 அக்டோபர் 10 அன்று திறந்தது. பார்பியேரி, கஸ்தம்பீதே போன்ற இசையமைப்பாளர்கள் தாங்களே முன்னின்று தங்கள் கலைக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைக்குக் காட்சி இல்லை. முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு எதிர்ப் பக்கக் கஃபேயில் உட்கார்ந்தேன்.

‘ஹுவான் ஹொசே’ பற்றி எழுத வேண்டும். ஹொவாக்கின் திசெந்தாவின் 1895 நாடகம் அது. கொத்தனார் ஒருவன். வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை, காதலிக்காகத் திருடி ஜெயிலுக்குப் போகிறான், அவளோ முதலாளியிடம் போய்விடுகிறாள். பல வருடம் ஸ்பெயின் தொழிலாளர்கள் மே தினத்தில் மேடையேற்றிய நாடகம். சொரொசாபல் இதை முழு ஓபராவாக எழுதி 1968-இல் முடித்தார். எழுபது வயது. அதில் வசனம் கிடையாது, துள்ளல் டூயட் கிடையாது, வாழ்நாள் முழுக்க எழுதிய எதையும்விட இறுக்கமான இசை. யார் மேடையேற்றுவார்கள்? பதினோரு வருடம் போனது. 1979-இல் ஒத்திகை தொடங்கியது, அதுவும் பாதியில் நின்றது. 1988 டிசம்பர் 26 அன்று மாட்ரிட்டில் காலமானார். வயது 91. தன்னுடைய அந்தப் படைப்பை ஓர் இசைக்குழு முழுசாக வாசித்து அவர் கேட்கவே இல்லை.

அவருடைய புகழ்பெற்ற சர்சுவேலாக்கள் பலவற்றுக்கு அவர் கை பதிந்த தட்டு இருக்கிறது. எந்த இடத்தில் வேகம், எந்த இடத்தில் அரை நொடி என்று நாம் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இதற்கு இல்லை. நேற்று அந்தத் தாளத்தைக் கேட்ட பிறகு இது எனக்கு இன்னும் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

2009-இல் முதல்முறையாக, மேடை அமைப்பு இல்லாமல் கச்சேரியாக, அதை வாசித்தார்கள். வாசித்த இடம் அவர் பிறந்த ஊரில், முதல் நாள் தூறலில் நான் பார்த்த குர்சால். அந்தப் பதிவு குறுந்தட்டாக வந்திருக்கிறது. 2016-இல் நாடகமாக மேடையேறியது எதிரே இருக்கும் இதே அரங்கில்.

கஃபேயில் புது இயர்போனை மாட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து கேட்டேன். காபி ஆறிப்போயிற்று. மதுக்கடையில் தொடங்குகிறது, ஆண்கள் பேசுகிறார்கள், இசைக்குழு கீழே எங்கேயோ உறுமிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே மாட்ரிட்டின் பழைய தெரு மெட்டு ஒன்று தலையைக் காட்டும். மனோஹோவில் என்றால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பசோதோப்ளே கிளம்பியிருக்கும். இங்கே கிளம்புவதற்குள் பித்தளை வாத்தியங்கள் வந்து மூடிவிடுகின்றன. மூன்று இடத்தில் அப்படி வந்தது. மூன்றாவது தடவை, இந்த முறையாவது விடுவாரோ என்று நானே எதிர்பார்த்துவிட்டேன். விடவில்லை.

முடிந்தபோது மணி ஒன்றரை. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சாலையைக் கடந்து டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த பெண்மணியிடம் 2016-இல் ‘ஹுவான் ஹொசே’ பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன், இரண்டு தடவை என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். பதில் சொல்லத் தெரியாமல் பையிலிருந்த கத்யூஸ்கா தட்டை எடுத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிமிர்த்திக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடிக்கு அருகே வந்து, கடைசி வரியில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார்.

விடுதியில் தட்டை இரண்டு சட்டைக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினேன்.